கிராண்ட்செஸ்டர் ஆற்றோர நடை: மேல் பாதையா, கரைப் பாதையா?

கேம்பிரிட்ஜுக்குத் தென்மேற்கே இரண்டு மைல் தள்ளி, கேம் ஆற்றை ஒட்டி இருக்கிற சின்ன கிராமம் கிராண்ட்செஸ்டர். போன இலையுதிர் காலத்தில் அத்தை எங்களோடு வந்து தங்கியபோது அவருக்கு அன்றாடம் நடக்க ஓர் இடம் தேவைப்பட்டது. எழுபதைத் தாண்டியவர். ஒரு முழங்கால் அவ்வப்போது தொல்லை கொடுக்கும், ஆனாலும் நடக்காமல் இருக்க மாட்டார். மேடு பள்ளம் இல்லாத, ஆறு கண்ணில் படுகிற வழியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

அப்படிப்பட்ட வழிகள் இங்கே மூன்று. கேம்பிரிட்ஜின் நியூனம் பகுதியிலிருந்து புல்வெளிகளைக் கடந்து கிராமத்துக்குப் போகும் கரைப் பாதை ஒன்று. அதே புல்வெளிகளின் மேல் விளிம்பில், வேலியை ஒட்டிப் போகும் தார்ப் பாதை இரண்டாவது. மூன்றாவது, கிராமத்துக்கு அந்தப்புறம், ட்ரம்பிங்டன் பக்கம் இருக்கும் பைரன்ஸ் பூல் என்கிற இயற்கைக் காப்பகம். நாங்கள் தார்ப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். வருடம் முழுக்க நடக்கப் போகிறீர்கள் என்றால் நீங்களும் அதையே எடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கரைப் பாதையின் அழகைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும், மாடுகள் மேயும், கோடையில் நகரத்திலிருந்து பன்ட் படகுகளை நீளக் கழியால் தள்ளிக்கொண்டு வருவார்கள். மே மாதத்தில் இந்தப் புல்வெளிக்கு ஈடு கிடையாது. இணையத்தில் வருகிற படங்கள் எல்லாம் ஏறக்குறைய அப்போது எடுத்தவைதான். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நவம்பரில் கிளம்பி வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால், இந்த மூன்றில் எது என்பதைத் தீர்மானிப்பது காலுக்குக் கீழே இருக்கும் தரை.

கேம்பிரிட்ஜ் பக்கம் இங்கிலாந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர்கூடத் தேறாது. சென்னையில் பெய்வதில் பாதிக்கும் குறைவு. இதைக் கேட்டால் சேறெல்லாம் இருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கிற வழக்கம் இல்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டே இருக்கும். வெயில் பலவீனம், பகல் குட்டை. விழுந்த ஈரம் ஆவியாகிப் போக வழியில்லை. அடியில் கால்ட் என்கிற களிமண் படுகை, அதற்கு மேல் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். தண்ணீர் கீழேயும் இறங்காது. ஒரு தடவை ஊறிவிட்டால் அந்தக் கரை வசந்தம் வரைக்கும் ஊறியபடியேதான் இருக்கும். ஆறு பெருகினால் புல்வெளியின் தாழ்ந்த பகுதி தண்ணீருக்குள்ளேயே போய்விடுவதும் உண்டு.

இந்த நிலம் எவ்வளவு தாழ்வு என்பதற்கு நடை தொடங்குகிற இடத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நியூனத்தில் ஒரு தெருவின் முடிவில் ஸ்கேட்டர்ஸ் மெடோ என்று ஒரு துண்டு நிலம். அந்தக் காலத்தில் குளிர்காலத்தில் அதில் தண்ணீரை நிரப்பி உறையவிட்டு, அதன்மேல் சறுக்கி விளையாடியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்காக வைத்த பழைய விளக்குக் கம்பம் அங்கே நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் தேங்கி நிற்பதை நம்பியே ஒரு விளையாட்டு நடந்த பூமி என்றால், பக்கத்திலிருக்கும் கரை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேற்றிலும் மோசமானது கேட்டடிச் சேறு. மாடு தாண்டாமல் மனிதர் மட்டும் ஒவ்வொருவராக நுழைகிற மாதிரி கிஸ்ஸிங் கேட் என்று வைத்திருப்பார்கள். கதவைத் தள்ளி, உள்ளே ஒதுங்கி நின்று, மறுபடி தள்ளி வெளியே வர வேண்டும். வருகிற எல்லோரும் அந்த ஒரே அடி இடத்தில்தான் கால் வைத்தாக வேண்டும். அதனால் வழி நெடுக ஓரளவு நடக்க முடிந்தாலும், கேட்டுக்கு அடியில் மட்டும் தரை குழைந்து குழியாகிவிடும். மாடுகளும் அங்கேயே வந்து நிற்பதால், குளம்பு பதிந்த ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் தேங்கியிருக்கும். முட்டியளவு ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள்கூட ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் காலை உருவி எடுப்பார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தக் காலை இழுக்கும் வேலைதான் ஆகாது. சமதளத்தில் ஒரு மைல் நடந்துவிடுவார், சேற்றில் பத்து அடி வைத்தால் அன்றைக்கு ராத்திரி தைலம் தேட வேண்டியிருக்கும்.

தார்ப் பாதையில் இந்தத் தொல்லை கிடையாது. கரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் போவதால் தண்ணீர் அதுவரை எட்டுவது அரிது. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் நடக்கலாம். சாதாரண ஷூ போதும். ஒரு பக்கம் வேலிப் புதர், மறுபக்கம் சரிந்து இறங்கும் புல்வெளி, அதற்கப்பால் வில்லோ வரிசை. ஆறு எங்கே வளைகிறது என்பதை அந்த மரங்களை வைத்தே தெரிந்துகொள்ளலாம். இலை உதிர்ந்த பிறகு மரங்களின் ஊடாகத் தண்ணீரே பளிச்சென்று தெரியும். ஆற்றை ஒட்டி நடந்தால்தானே ஆற்றோர நடை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அந்த எண்ணம் இருந்தது. அத்தைதான், “இங்கிருந்தே நல்லா தெரியுதேம்மா, அங்க இறங்கி என்ன பண்ணப் போறோம்” என்று முடித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கரையில் நடக்கும்போது காலடியைத்தான் பார்க்கிறோம். மேலே நடக்கும்போது தலை நிமிர்ந்திருக்கிறது. நாரை பறப்பதும், மூடுபனி புல்வெளியில் மட்டும் படுத்துக் கிடப்பதும் மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. சைக்கிள்காரர்கள் அதே பாதையில் வருவார்கள். மணி அடித்தால் ஒதுங்க வேண்டும், காது மந்தமானவர்களோடு போனால் நாம்தான் பின்பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். சனி ஞாயிறு கூட்டமும் அதிகம். குழந்தைத் தள்ளுவண்டியோடு போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலி தள்ளிய அனுபவம் எனக்கு இல்லை, ஆகவே அதற்கு உத்தரவாதம் தர மாட்டேன். யாராவது முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, ஒரு வாரம் மழை இல்லையென்றால், நானே கரைப் பாதைக்கு மாறிவிடுவேன். அப்போது தரை கெட்டியாக இருக்கும். போகும்போது மேல் பாதை, திரும்பும்போது கரை என்று வைத்துக்கொண்டால் ஒரு வட்டமாக முடியும். அரைக்கால் சட்டை போட்டுப் போகாதீர்கள். ஓரத்தில் நெட்டில் செடி இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருக்கும், பட்டால் சுரீரென்று எரியும். பக்கத்திலேயே டாக் என்று அகல இலைச் செடி இருக்கும், அதைக் கசக்கித் தேய்ப்பது இந்த ஊர்க்காரர்களின் கைவைத்தியம். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் புகுந்து போக வேண்டாம், சுற்றிப் போங்கள்.

கிராமத்தைப் பொறுத்தவரை மூன்று வழிக்கும் பலன் ஒன்றுதான். பழைய தேவாலயம், சில பப்கள், ஆப்பிள் மரங்களுக்கு அடியில் சாய்வு நாற்காலி போட்டு டீ கொடுத்த ஆர்ச்சர்ட் தோட்டம். அந்த டீ வழக்கம் 1897-இல் தொடங்கியது. கவிஞர் ரூபர்ட் புரூக் 1909-இல் குடிவந்த வீடும் அங்கேதான். பப்கள் திறந்திருக்கும் நேரம் மாறக்கூடும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைரன்ஸ் பூலுக்கு வருவோம். டிரினிட்டி கல்லூரியில் படித்த பைரன் பிரபு இங்கே நீந்தியதாகச் சொல்வார்கள், பெயர் அதனால்தான். இப்போது நகராட்சியின் கையில் இருக்கும் சிறிய இயற்கைக் காப்பகம். நிழல் நிறைய, கூட்டம் குறைவு, நடை குட்டை. தண்ணீர் தடுப்பில் விழுகிற ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மீன்கொத்தி நீலக் கீற்றாகப் பறந்து போகும். பக்கத்திலேயே ட்ரம்பிங்டன் மெடோஸ் என்று வைல்ட்லைஃப் டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும் பெரிய திறந்தவெளி இருப்பதால், வேண்டுமானால் நடையை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் எம்11 நெடுஞ்சாலை அருகிலேயே போகிறது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் வண்டிச் சத்தம் காதை விட்டுப் போகாது. அமைதிக்காக வருகிறவர்களுக்கு இது பெரிய குறை. நான் அங்கே போனதெல்லாம் வெயில் காலத்தில்தான். குளிர்காலத் தரை பற்றி என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். காரில் வந்து, அரைமணி நேரம் காலாற நடந்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இதுதான் வசதி, சிறிய கார் நிறுத்துமிடம் வாசலிலேயே இருக்கிறது. பஸ்ஸில் வந்தால் ட்ரம்பிங்டன் பார்க் அண்ட் ரைடில் (காரை நிறுத்திவிட்டு பஸ் பிடிக்கும் இடம்) இறங்கி நடக்கலாம்.

இன்னொன்று, மூன்றுக்கும் பொதுவானது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து கிளம்பினால் திரும்பும்போது இருட்டிவிடும். புல்வெளியில் விளக்கை எதிர்பார்க்காதீர்கள். அந்த மாதங்களில் பதினொரு மணிக்கே கிளம்பி, சாப்பாட்டைத் திரும்பி வந்து வைத்துக்கொள்வது என்று நாங்கள் மாற்றிக்கொண்டோம்.