ஆரி ஊசியா, சாதா ஊசியா?

பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனால் இன்றைக்கு "ஆரி ஒர்க் வேணுமா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரிதான் ஆரி. தெருவுக்குத் தெரு ஆரி வகுப்பு பலகை. அதைப் பார்த்துவிட்டு, பொழுதுபோக்குக்காக எம்பிராய்டரி கற்க நினைப்பவர்களும் நேரே ஆரி ஊசியைத்தான் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கர்சீப்பில் லேஸி டெய்ஸி போட்டோமே, அந்தச் சாதா ஊசிக்குக் காலம் முடிந்துவிட்டது போலவும், விவரம் தெரிந்தவர்கள் ஆரிக்கு மாறிவிட்டது போலவும் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. நூல் எங்கே இருக்கிறது என்ற ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற வித்தியாசம் எல்லாம் தானாகப் புரியும்.

சாதா ஊசியில் நூல் ஊசியோடு கூடவே போகும், வரும். ஆரியில் நூல் துணிக்கு அடியிலேயே இருக்கும். ஊசிக்குக் காது கிடையாது. நுனியில் சின்னக் கொக்கிதான். வலது கை மேலிருந்து குத்தும். அடியில் இருக்கும் இடது கை, கண்ணுக்குத் தெரியாமலே, நூலைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். ஊசியை அரை வட்டம் திருப்பி மேலே எடுத்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்துக்குள்ளேயே நின்றபடி அடுத்த குத்து. இப்படியே போனால் மேலே சங்கிலித் தையல் விழும்; துணியைப் புரட்டிப் பார்த்தால் அடியில் நேர்கோடு போல ஓடியிருக்கும்.

நூல் ரீலில் இருந்து நேராக வருவதால் ஆரியில் ஊசி கோக்கிற வேலையே இல்லை. கண்ணாடி போட்டவர்களுக்கு இது பெரிய வரம். சாதா ஊசியில் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நூலைத்தான் ஒரு தடவைக்கு வெட்ட வேண்டும். சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால் நடுவழியில் முறுக்கி முடிச்சு விழும். அந்தத் துண்டு தீர்ந்ததும் மறுபடி கோக்க வேண்டும். காதுக்குள் நூலை நுழைக்க உதவும் கம்பிக் கருவி இருக்கிறதே, தலைப்பட உருவம் பதித்த தகரத் துண்டு, அதன் கம்பி நாலாவது நாளே கழன்று வந்துவிடும். நூல் நுனியை நனைப்பதைவிட ஊசிக் காதை லேசாக நனைத்துப் பாருங்கள், கொஞ்சம் சுலபமாகப் போகும்.

ஆக, வேகத்தில் ஆரிக்கு ஈடில்லை. ஒரு கழுத்து ஓரம் முழுக்க சங்கிலி போட சாதா ஊசிக்கு ஆகிற நேரத்தில், பழகிய ஆரிக்கை கழுத்தையும் முடித்துவிட்டுக் கைக்கும் போயிருக்கும். மணி கோப்பதிலும் அப்படித்தான். பிரான்சில் லூனேவில் முறை என்று கொக்கி ஊசி வேலை ஒன்று உண்டு. அங்கே மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துக்கொண்டு துணியின் பின்புறத்தைப் பார்த்தபடி தைப்பார்கள். நம் ஊர் ஆரியில் மணிகளை ஊசி மேலேயே ஏற்றிக்கொண்டு நேர்புறத்திலேயே ஒவ்வொன்றாக இறக்கலாம். சுகர் பீட்ஸ் என்ற குட்டி மணி எங்கே உட்கார்கிறது என்று கண்முன்னே தெரியும்.

ஆனால் அதே அமைப்புதான் ஆரியின் பலவீனமும். சங்கிலியின் கடைசி வளையத்தைப் பூட்டாமல் விட்டால், முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்ததும் மொத்த வரியும் வந்துவிடும். அரிசி மூட்டை வாயில் போட்டிருக்கும் தையலைச் சரியான முனையில் இழுத்தால் சரசரவென்று பிரியுமே, இதுவும் அதே தையல்தான். தொடங்கிய முனையில் இழுத்தால் வராது, முடித்த முனையில் இழுத்தால் வரும். பயிற்சி நாட்களில் இது வசதி, கோடு கோணினால் உருவிவிட்டு மறுபடி போடலாம். ஆனால் பிளவுஸை உடுத்திக்கொண்டு போன இடத்தில் வளையல் முனையோ தாலிச் சங்கிலிக் கொக்கியோ மாட்டினால் அழுகைதான். அதனால் வகுப்பில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பூவும் மயிலும் இல்லை, நூலை முடித்துப் பூட்டுவது. பல இடங்களில் இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டு மயிலுக்குப் போய்விடுகிறார்கள். சாதா ஊசித் தையலில் ஒரு இழை அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிரிக்கத்தான் பொறுமை வேண்டும், ஒவ்வொரு தையலாக ஊசிக் காதால் நெம்ப வேண்டும்.

ஆரி கற்பவர்கள் முதல் வாரத்தில் புலம்புவது ஒரே விஷயம்: குத்தின ஊசி வெளியே வர மாட்டேன் என்கிறது. இதற்குக் காரணம் அநேகமாக இரண்டு. ஒன்று, துணி தொய்ந்திருக்கும். விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். அந்த இறுக்கம் இல்லாமல் கொக்கி ஊசி வேலை செய்யாது. இரண்டாவது, கொக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் இழுப்பது. ஸ்குரூ வைத்த கைப்பிடி வாங்கினால், கொக்கி வாயையும் ஸ்குரூவையும் ஒரே பக்கம் வைத்து முடுக்கிக்கொள்ளலாம். அப்புறம் ஊசி நுனியைப் பார்க்கவே வேண்டாம், ஸ்குரூவைத் தொட்டாலே திசை தெரிந்துவிடும். மேலே எடுக்கும்போது ஊசியின் முதுகைத் துளையின் ஓரத்தில் லேசாக அழுத்திக்கொண்டு எடுங்கள். துளை கொஞ்சம் திறக்கும், கொக்கி நெசவு இழையைப் பிடிக்காது. பட்டுத் துணியில் ஒரு இழை இழுபட்டால் அந்தக் கோடு போகவே போகாது.

அந்த இறுக்கத்துக்காகத்தான் ஃப்ரேம். கட்டில் ஃப்ரேம், அதாவது கட்டில் மாதிரிப் பெரிய சட்டம் என்றால், வீட்டில் ஒரு மூலையை அதற்கே விட்டுவிட வேண்டும். தரையில் சம்மணம் போட்டு, குனிந்து, இரண்டு கையும் வேலையில். முதுகுவலிக்குத் தனியாகத் தைலம். ஸ்டாண்டு வைத்த வட்ட ஃப்ரேம் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் துணியைக் கழற்றி மாட்ட வேண்டும். முன்பு தைத்த மணிகள் மேல் வளையம் ஏறினால் நொறுங்கும். சாதா ஊசிக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வளையம் போதும். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், டியூஷன் விட்டு வரும் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது எடுத்து நாலு தையல் போடலாம். வளையம், ஊசி பாக்கெட், ஐந்தாறு நூல் கண்டு, எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். பொழுதுபோக்கு என்று பார்த்தால் என் ஓட்டு இங்கேதான் சாய்கிறது. ஃப்ரேமை இழுத்துப் போட்டு உட்கார ஒரு முழு மதியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

நூலிலும் சேதி இருக்கிறது. ஆங்கர் போன்ற பருத்தி நூல் கண்டு 8 மீட்டர் இருக்கும், ஆறு இழைகள் சேர்ந்தது. மெல்லிய கோடு வேண்டுமானால் ஒரு இழை, நிரப்ப மூன்று இழை என்று நாமே பிரித்துக்கொள்ளலாம். ஒரு இழையை மட்டும் தலைப்பில் பிடித்து நேராக உருவினால் சிக்காது. இரண்டு மூன்றை ஒன்றாக இழுத்தால்தான் சிக்கல். ஆரிக்குப் பட்டு நூல் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் ரேயான். பளபளப்பு அள்ளும், ஆனால் வழுக்கும், கரடுமுரடான விரல் பட்டாலே பிசிர் எழும். பாத்திரம் தேய்த்த கையோடு உட்கார முடியாது.

தையல் வகைகளைப் பார்த்தால் ஆரியின் அடிப்படை ஒன்றுதான், சங்கிலி. அதை நெருக்கியும் விலக்கியும் வளைத்தும்தான் எல்லாம். குட்டி முடிச்சாக விழும் பிரெஞ்ச் நாட், ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் புல்லியன் ரோஜா, நிழல் விழுகிற மாதிரி நீளமும் குட்டையுமாய் நிரப்பும் தையல், இதெல்லாம் சாதா ஊசியின் ராஜ்யம். புல்லியன் போடும்போது ஊசி நடுவில் சிக்கினால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். எம்பிராய்டரி ஊசியின் காதுப் பகுதி உடலைவிடப் பருமன், சுற்றிய நூலுக்குள் அது நுழையாது. மில்லினர்ஸ் ஊசி என்று நீளமாக, காது வரை ஒரே கனத்தில் ஒன்று கிடைக்கும். அதை வாங்குங்கள். ஊசி எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாரம்பரியம் என்று ஆரிக்கு மட்டும் தனி மரியாதை தருவதும் சரியில்லை. ஆரி, குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தாரின் கருவியிலிருந்து துணிக்கு வந்தது. சாதா ஊசிக்கு நம்மூரிலேயே நீலகிரித் தோடர்கள் இருக்கிறார்கள். துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், ஃப்ரேமும் இல்லாமல், நெசவு இழைகளை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் போடுகிறார்கள். அவர்களுடைய வேலைப்பாட்டுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சம்பாதிக்க வேண்டும் என்றால் பேச்சே மாறிவிடும். கல்யாண பிளவுஸுக்குக் காசு கொடுப்பவர்கள் ஆரிக்குத்தான் கொடுக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் ஆர்டர் குவியும், ஆடியில் காற்று வாங்கும். அங்கேயும் சாதா ஊசியை விட முடியாது: ஜர்தோசி என்ற சுருள் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துத் தைப்பதும், கல்லைச் சுற்றிக் கட்டுவதும், ரோஜா முடிச்சும் சாதா ஊசியில்தான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. விலை குறைவு, தினசரி உடுத்த நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மெஷின்காரருடைய பொழுதுபோக்கு, நம்முடையது இல்லை.

துவைப்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கல் ஒட்டி, மணி வைத்த ஆரி பிளவுஸை வாளியில் ஊறப்போட முடியாது. உள்ளே லைனிங் கொடுக்காவிட்டால் அடிப்புறம் உடம்பில் உரசும். பருத்திக் குர்தாவிலும் தலையணை உறையிலும் சாதா ஊசியால் போட்டதை வாரா வாரம் அலசலாம். சிவப்பு நூல் என்றால் மட்டும் தைக்கும் முன் ஒரு துண்டை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆரி வகுப்பில்தான் சேர்வேன் என்றால், பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: நூலை முடித்துப் பூட்டுவதைத் தனியாகப் பழக்குவார்களா, டிசைனை நாமே டிரேஸ் செய்யக் கற்றுத் தருவார்களா, சாதா ஊசி வேலையும் பாடத்தில் உண்டா. டிரேஸ் போட்ட துணியையே கையில் கொடுத்து மணி மட்டும் தைக்கச் சொல்கிற இடமாக இருந்தால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல வளையமும் நாற்பது நிற நூலும் வாங்கிக்கொள்ளலாம்.