ஆணிப் பலகையும் வெள்ளைப் பலகையும்: எங்கள் மெக்கானிக் ஷெட்டில் மூன்று ஆண்டு அனுபவம்

சென்னை வில்லிவாக்கத்தில் எனக்கு ஒரு கார் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. 2011-ல் ஆரம்பித்தது. என்னையும் சேர்த்து ஏழு பேர். உள்ளே நான்கு வண்டி நிற்கும், தெருவோரம் இரண்டு. 2022 ஜூன் முதல் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மூன்று ஆண்டு தாண்டிவிட்டது. எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடியும். என்னைப் போலச் சின்ன ஷெட் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மாற்றத்துக்குக் காரணம் ஒரு எஞ்சின். 2021 கடைசியில் எங்களிடம் சர்வீஸ் முடித்துப் போன ஒரு பெட்ரோல் கார் செங்கல்பட்டு தாண்டி நின்றுவிட்டது. ஆயில் ஃபில்டர் சரியாக இறுகாமல் ஆயில் முழுக்க ஒழுகி எஞ்சின் ஜாம். செலவு மொத்தத்தையும் நானே ஏற்றுக்கொண்டேன். பணம் போனதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. ஃபில்டர் மாட்டிய பையனுக்கு அன்று மாலையே சந்தேகம் இருந்திருக்கிறது. பாதி வேலையில் நான் அவனை வேறு வண்டிக்குக் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது கடைசி முக்கால் சுற்று இறுக்கினோமா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. "கேட்டா கத்துவீங்கன்னு பயந்துட்டேண்ணா" என்றான்.

நான் தொழில் கற்ற ஷெட்டில் தப்பான ஸ்பானர் எடுத்துக் கொடுத்தால் அதே ஸ்பானர் பறந்து வரும். தொழில் அப்படித்தான் கை வரும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அடிக்க மாட்டேன், ஆனால் வாய் சும்மா இருக்காது. அந்த வாய்க்குப் பயந்துதான் ஒரு எஞ்சின் போயிற்று.

வழி காட்டியவர் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். அம்பத்தூரில் உதிரி பாகம் செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பக்கத்தில் பாடியில்தான் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்காகத் தரப்படும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஆலைகளில் தரம் என்றால் எல்லோருக்கும் ஒரு வேகம் இருந்தது என்பார். அவர் சொன்னதுதான் ஐந்து எஸ் என்ற ஜப்பானிய ஒழுங்கு முறை: வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் கொடு, துடைத்து வை, எல்லோரும் ஒரே மாதிரி செய், அதைப் பழக்கமாக்கு. "தம்பி, ஆயுத பூஜை அன்னிக்கு உங்க ஷெட் எப்படி இருக்கு? அதை மறுநாளும் வெச்சுக்கிட்டா போதும்" என்றார். உண்மைதான். அந்த ஒரு நாள் ஒவ்வொரு ஸ்பானரும் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையில் இருக்கும். எது குறைகிறது என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். அடுத்த வாரமே எல்லாம் கலைந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஒரு மெக்கானிக்கின் பின்னாலேயே இருந்து போனில் நேரம் பார்த்தேன். கருவி தேடவும், மற்றவரிடம் கேட்டு வாங்கவும் மட்டும் அவருக்கு ஐம்பது நிமிடம் போனது. பத்து எம்எம் சாக்கெட் ஒன்றுக்காகவே நான்கு முறை எழுந்தார்.

முதலில் ஆணிப் பலகை. எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பில் வரைந்து, ஆணியில் மாட்டினோம். எடுத்தால் கறுப்பு நிழல் தெரியும். மொத்தச் செலவு ஐயாயிரத்துக்குள். ஆனால் கூடவே ஒரு தப்பும் செய்தேன்: இரவில் நிழல் காலியாக இருந்தால் ஆளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம் என்றேன். முதல் மாதம் பலகை எப்போதும் நிறைந்திருந்தது. பிறகுதான் பார்த்தேன், தொலைந்த சாக்கெட்டுக்குப் பதிலாகப் பையன்கள் சொந்தக் காசில் மட்டமானதை வாங்கி மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று போல்ட் தலையை வழித்துவிட்டது. அபராதத்தை அன்றே எடுத்தேன். "தொலைஞ்சா சொல்லுங்க, அந்த வண்டியை அனுப்பறதுக்கு முன்னாடி தேடுவோம்" என்றேன். எஞ்சின் அறைக்குள் மறந்து வைத்த ஸ்பானரோடு வண்டி ரோட்டுக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் பலகை உண்மையைக் காட்ட ஆரம்பித்தது. இன்றும் அப்படியே இருக்கிறது, பெயிண்ட் மட்டும் ஒருமுறை புதுப்பித்தோம்.

அடுத்தது வெள்ளைப் பலகை. வண்டி எண், என்ன வேலை, யார் கையில், எதற்காக நிற்கிறது, எப்போது டெலிவரி என்று ஐந்து கட்டம். இதில் 'எதற்காக நிற்கிறது' என்ற கட்டம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. மெக்கானிக் மெதுவாக வேலை செய்வதால் வண்டி தேங்குகிறது என்று பல வருடம் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் பாதி வண்டி ஸ்பேர்ஸுக்காக நிற்கிறது, மீதியில் பாதி ஓனரின் சம்மதத்துக்காக. பையனை ஸ்பேர்ஸ் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு அனுப்பினால் போக்குவரத்தில் இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று முறைகூட அனுப்பியிருக்கிறேன். இப்போது எல்லா வண்டியையும் காலையிலேயே திறந்து பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு ஒரே பட்டியலாக அனுப்புகிறேன். பிரேக் பேட், ஃபில்டர், பெல்ட், பல்பு போல அடிக்கடி தேவைப்படுவதை வாங்கி வைத்துவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்ட பிறகு, தண்ணீரில் மூழ்கிய கார்கள் ஒரே வாரத்தில் பதினான்கு வந்தன. பழைய முறையில் இருந்திருந்தால் சட்டையைக் கிழித்துக்கொண்டிருப்போம். எந்த வண்டியில் தண்ணீர் எதுவரை ஏறியது, ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா இல்லையா என்பதைப் பலகையில் முதலிலேயே எழுதினோம். ஸ்டார்ட் செய்யாத வண்டிகளில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்து, ஆயில் மாற்றி எடுத்தோம். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததில் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்த இரண்டு வண்டிகள் தனி வரிசை. யாரும் யாரிடமும் கத்தவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் வேலையை எழுதி வைக்கும் ஜாப் கார்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம். வாடிக்கையாளர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறோம். முன்பு நான் கேட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் "சஸ்பென்ஷன் பாரு" என்பேன், அவர் முன்பக்கம் முழுவதையும் அவிழ்ப்பார். இப்போது "மேடு பள்ளத்துல மெதுவா போறப்ப இடது பக்கம் டொக் டொக்குங்குது" என்று இருக்கும். மெக்கானிக் நேராக சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க்கை ஆட்டிப் பார்ப்பார்.

போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இரண்டு வாங்கினோம். பெரும்பாலான சின்ன கார்களின் வீல் நட்டுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை வரும். அந்தந்த வண்டிக்கான அளவைப் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பிறகு, எது முன்னால் வருகிறதோ அப்போது அளவு சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். இறுக்கிய போல்ட்டில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுகிறோம். இறுக்கியவர் கோடு போடக் கூடாது, இன்னொருவர்தான் பார்த்துப் போட வேண்டும். இது நான் செய்த மிக மலிவான, மிக நல்ல காரியம்.

காலை ஒன்பதே கால் மணிக்கு டீயோடு பத்து நிமிடம் பேச்சு. நேற்று எது தவறியது என்பதை முதலில் நான் சொல்ல வேண்டும், என் தவறை. ஆரம்பத்தில் இரண்டு மாதம் நான் மட்டும்தான் பேசினேன். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மூன்றாவது மாதம் ஒரு பையன் தானாகச் சொன்னான், பிரேக் ஆயில் மூடியைத் திறந்தே வைத்துவிட்டதாக. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்துதான் மற்றவர்களும் பேசினார்கள்.

2024 மார்ச்சில் இரவு ஒன்பதரைக்குப் போன். "அண்ணா, சாயந்திரம் போன வேகன் ஆர்ல ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்குக் கோடு போட்டேனான்னு ஞாபகம் இல்லண்ணா." ஓனருக்கு உடனே போன் செய்து வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். இருவரும் ஸ்கூட்டரில் கொளத்தூர் போய்ப் பார்த்தோம். கோடு இல்லை, போல்ட் கையாலேயே திரும்பியது. இறுக்கி, கோடு போட்டு, ஆயில் அளவு பார்த்துவிட்டு வந்தோம். ஓனர் இன்னும் எங்களிடம்தான் வருகிறார். அன்று போன் செய்தது அந்த ஃபில்டர் பையன்தான்.

தோற்றுப் போனதும் உண்டு. வண்டிக்கு நூறு ரூபாய் ஊக்கத்தொகை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் ஆயில் சர்வீஸுக்குப் போட்டி போட்டார்கள், கிளட்ச் வேலை சீந்துவாரில்லாமல் கிடந்தது, வேலை சரியில்லை என்று திரும்பி வரும் வண்டி கூடியது. நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சம்பளத்திலேயே சேர்த்தேன். கணினி மென்பொருள் ஒன்றுக்கு ஒரு வருட சந்தா கட்டினேன். கிரீஸ் கையோடு யாரும் போனில் தட்டவில்லை. கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று சொன்னதில் கைதேர்ந்த ஒரு மூத்த மெக்கானிக் 2023-ல் விலகிப் போனார். அவர் கைப் பக்குவம் எங்களில் யாருக்கும் இல்லை, கியர் பாக்ஸ் வேலைகளில் அந்தக் குறை இன்றும் தெரிகிறது. ஆனாலும் அந்த முடிவை மாற்ற எனக்கு மனமில்லை.

ஞாயிறு முழு விடுமுறை. மதியம் ஒன்றரை முதல் இரண்டேகால் வரை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நடுவில் யாரையும் எழுப்பக் கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் எல்லோரையும் சேர்த்திருக்கிறேன். ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம் கிடைக்கும். அவரவர் வங்கியிலேயே சேரலாம்.

கணக்கு கேட்பீர்கள். முன்பு மாதம் எண்பது வண்டி செய்தால் எட்டு ஒன்பது திரும்பி வரும். இப்போதும் ஏழு பேர்தான், ஞாயிறு விடுமுறையோடு, நூறைத் தொடுகிறோம், திரும்பி வருவது இரண்டு மூன்று. ஸ்பேர்ஸ் தாமதம் மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ஆரம்பிப்பவர்கள் வெள்ளைப் பலகையிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றது எது வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அதை வாசல் பக்கம் மாட்டாதீர்கள். எங்களுக்கு முதல் மழையிலேயே சாரல் அடித்து, ஆறு வண்டியின் விவரம் கரைந்து போனது. இப்போது உள் சுவரில், டீ குடிக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே இருக்கிறது.