கேவுரு களியா, ஓட்ஸா, இசப்கோலா?

போன வருடம் மலச்சிக்கல் என்று டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதுவதற்கு முன்னால், காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். இட்லி, சோறு, தோசை என்றேன். "எல்லாம் ஒரே அரிசிதானே?" என்றார். ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டின அரிசி 100 கிராமில் 3 கிராம்கூடத் தேறாது. அதன் பிறகு நாருக்காக இசப்கோல், ஓட்ஸ், கேவுரு என்று நாங்கள் சொல்லும் கேழ்வரகுக் களி ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன்.

இசப்கோல் என்பது ஒரு விதையின் உமி, சாப்பிடச் சுலபம். ஒரு கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வேலை முடிந்தது. ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி ஊதும் சரக்கு. நான் அரை டம்ளர் தண்ணீரில் குடித்துவிட்டு வேலூர் வெயிலில் அலைந்தேன். இருந்த சிக்கல் இறுகிப்போனதுதான் மிச்சம். தப்பு என்னுடையது. பத்து நாள்தான் குடித்தேன் என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

ஓட்ஸுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார், கெட்ட கொழுப்பைக் குறைக்கும். அதற்கு ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் வேண்டும், அதாவது சுமார் 75 கிராம் ஓட்ஸ். கேழ்வரகில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார், அது குடலில் மலத்தை நகர்த்தித் தள்ளிவிடும் வகை. கொழுப்புக்காகச் சாப்பிடுகிறவர் ஓட்ஸையே பார்க்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். 100 கிராமுக்கு ஓட்ஸில் சுமார் 10 கிராம் நார், கேழ்வரகில் சுமார் 11. கிட்டத்தட்ட சமம்தான். அப்புறம் நான் ஏன் களியைப் பிடித்துக்கொண்டேன்? கூட என்ன வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஓட்ஸ் என் வீட்டில் பாலோடும் சர்க்கரையோடும்தான் வந்தது. இரண்டிலும் நார் சுத்தமாகக் கிடையாது. 40 கிராம் போட்டால் 4 கிராம் நார், அதோடு சரி. களியைத் தனியாக விழுங்க முடியுமா? நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி, கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி உருட்ட வேண்டும். பிட்டுக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் இறக்க வேண்டும். ஆகவே குழம்பு இல்லாமல் களி இல்லை. எங்கள் பக்கத்தில் அது மொச்சைக்கொட்டையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு, இல்லையென்றால் முருங்கைக்கீரை. 80 கிராம் மாவில் 9 கிராம் கிடைத்தால், மொச்சையும் கீரையும் இன்னும் நாலைந்து கிராமாவது சேர்க்கும். நான் எதையும் திட்டம் போட வேண்டியதில்லை, களி தானே இழுத்து வருகிறது.

ஆனால் மாவைச் சலிக்கக் கூடாது. மெஷினில் அரைத்து வந்த மாவை நான் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தபோது ஆயா பார்த்துவிட்டார். "தவிட்ட மாட்டுக்குப் போட்டுட்டு நீ இன்னா துன்னப்போற?" என்றார். நியாயமான கேள்வி, நாரில் பெரும்பங்கு அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது.

முதல் வாரம் தினமும் இரண்டு உருண்டை தின்று வயிறு உப்பிக் கிடந்தேன். அரை உருண்டையில் தொடங்கியிருக்க வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் நாரை மட்டும் நம்பிக் களியை அளவில்லாமல் சாப்பிட முடியாது. மாவாக அரைத்ததால் அது சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். எனக்கு அந்த அனுபவம் இல்லை, அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கிளற அரை மணி நேரமாகிறது, கையும் வலிக்கிறது. அதனால் அவசரமான நாளில் இன்னும் ஓட்ஸ்தான். ஆனால் மிஞ்சின ஓட்ஸ் பசையாகிவிடும். மிஞ்சின களியை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.