சிறை சென்று வந்த தகப்பன் பிள்ளையைப் பார்க்க: டர்பனில் எந்த வழி?

கிடங்குத் திருட்டு வழக்கில் 14 மாதம் உள்ளே இருந்துவிட்டு என் தம்பி தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சட்ஸ்வொர்த் பகுதிக்குத் திரும்பினான். மகளுக்கு அப்போது ஏழு வயது. "அண்ணா, முதல்ல ரெக்கார்டை அழிச்சுட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான். பலர் இப்படித்தான் நினைத்து வருடங்களை விடுகிறார்கள். அதனால் விசாரித்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

ரெக்கார்டை, அதாவது குற்றப் பதிவை, அழிப்பதற்குத் தீர்ப்பு வந்து 10 வருடம் ஆகியிருக்க வேண்டும். அதுவும் 20,000 ரேண்டுக்கு மேற்படாத அபராதம், நிறுத்திவைத்த தண்டனை போன்றவற்றுக்குத்தான். தம்பி நேராகச் சிறைக்குப் போனவன், அவனுக்கு அந்தக் கதவே இல்லை. இருந்திருந்தாலும் மகளுக்குப் பதினேழு வயது நெருங்கியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் வருடக் குழந்தைகள் சட்டம், குற்றப் பதிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தகப்பனின் உரிமையைப் பறிப்பதில்லை. பிள்ளையின் நலன்தான் அங்கே முதல் கேள்வி. என்ன குற்றம், யாருக்கு எதிராக, பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பார்கள். கிடங்கில் திருடியதும் வீட்டில் கைநீட்டியதும் அங்கே ஒன்றல்ல. ஒன்றாக இருக்கவும் கூடாது.

அடுத்தது ஃபேமிலி அட்வகேட் அலுவலகம், அதாவது அரசின் குடும்ப வழக்கறிஞர் அலுவலகம். செலவில்லை. பிள்ளையின் தாய் பேசத் தயார் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளை எப்போது யாரோடு இருக்கும் என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் பேரண்டிங் பிளானை அங்கேயே பதிவு செய்யலாம். பிறகு மாற்ற வேண்டுமானாலும் இருவரும் சேர்ந்து அங்கேயே கேட்கலாம். எழுதும்போது நம் பண்டிகை நாட்களை மறந்துவிடாதீர்கள். இங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது. தைப்பூசக் காவடிக்கும் கிடையாது. பள்ளி விடுமுறையைப் பாதியாகப் பிரித்தாலும் இந்த நாட்கள் அதில் விழாது. ஆனால் வீட்டில் அடி உதை நடந்திருந்தால் இந்த வழி வேண்டாம். அடி வாங்கியவளை அதே மேஜையில் உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உயர் நீதிமன்றம், விவாகரத்து வழக்கு ஏற்கெனவே அங்கே நடந்தால் சரி. வெறும் சந்திப்புக்காகப் போனால் வக்கீல் செலவே ஆளைத் தின்றுவிடும்.

தம்பியின் மனைவி பேச மறுத்துவிட்டாள். அவள் கோபம் நியாயமானது. ஆகவே குழந்தைகள் நீதிமன்றம். மாஜிஸ்திரேட் கோர்ட்தான் குழந்தைகள் நீதிமன்றமாகவும் செயல்படுகிறது. வக்கீல் கட்டாயமில்லை, வெளியாட்களுக்கு அனுமதியில்லை, முடிந்தவரை சாதாரணமாகப் பேசுகிறார்கள். கோயிலில் தாலி கட்டியது மட்டும்தானே என்று பயப்பட வேண்டாம். முறைப்படி நடந்த சமயத் திருமணத்தையும் குழந்தைகள் சட்டம் திருமணமாகவே எடுத்துக்கொள்கிறது. தீர்ப்பு நகல், விடுதலைத் தாள், வேலைக் கடிதம் எல்லாவற்றையும் நாமே முதலில் நீட்டினோம். எதிர்த் தரப்பு எடுத்துக் காட்டும்வரை காத்திருந்தால் நம் பேச்சுக்கு மதிப்பே இருக்காது. பிள்ளைச் செலவுப் பணத்தையும் மாதாமாதம் கட்டி ரசீதை வைத்திருந்தான். பார்க்க விட்டாலும் விடாவிட்டாலும் அந்தக் கடமை நிற்பதில்லை.

முதலில் கிடைத்தது கண்காணிப்புடன் சந்திப்பு: மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், சமூகப் பணியாளர் அதே அறையில். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாங்கிக்கோடா தம்பி, இதுதான் வாசல்" என்றேன்.

முதல் நாள் மகள் ஆயாவின் (பாட்டியின்) சேலைத் தலைப்பை விடவே இல்லை. தம்பி அவளைக் கூப்பிடவில்லை. கலர் பென்சில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சீவி மேஜைமேல் வரிசையாக வைத்தான். அரை மணி கழித்து வந்து பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். மூன்றாவது சந்திப்பில் வீட்டிலிருந்து தன் ஷார்ப்னரைக் கொண்டுவந்து, "இது நல்லாச் சீவும்" என்று அவன் கையில் கொடுத்தாள். சமூகப் பணியாளரின் அறிக்கையில் அதுவும் இருந்தது.

கோர்ட் உத்தரவை கோர்ட்தான் மாற்ற முடியும் என்பது இந்த வழியின் சிரமம். அதே சமயம், உத்தரவு இருக்கும்போது பிள்ளையைக் காட்ட மறுப்பது குற்றம். ஒரு வருடம் வரை சிறை உண்டு. இப்போது சந்திப்பு ஆயா வீட்டிலேயே நடக்கிறது. தீபாவளி நாளையும் சேர்க்கச் சொல்லி அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.