பிரைமர் பொருத்துதல்: அளவை நம்புவதா, விரலை நம்புவதா?

ரைஃபிள் தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் வெடிமருந்தைக் கிரெயின் என்ற மிகச் சிறிய எடை அலகில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரை, பித்தளை உறையின் அடியிலுள்ள குழிக்குள் அழுத்தும் வேலையை மட்டும் மளமளவென்று முடித்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, தடை வைத்த கருவியைத் திருகிச் சரிசெய்து, எல்லா பிரைமர்களும் ஒரே ஆழத்தில் நிற்கும்படி அழுத்துவது. இரண்டாவது, தடை எதுவும் இல்லாத கைக்கருவியால், குழியின் தரையில் பிரைமர் போய் உட்காருவதை விரலால் உணரும் வரை அழுத்துவது.

எது மேல் என்று சொல்வதற்குமுன், உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாக்ஸர் வகை பிரைமரில் ஒரு சிறு கிண்ணமும், அதனுள் வெடிக்கலவையும், கலவையின்மேல் கால்களுடன் கூடிய ஒரு பட்டடையும் (கலவை மோதி நசுங்குவதற்கான சிறு உலோகத் துண்டு) இருக்கின்றன. கால்கள் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிச் சற்றே நீண்டிருக்கும். அவை குழியின் தரையைத் தொட்ட பிறகும் கிண்ணம் இன்னும் சிறிது, வழக்கமாகச் சொல்வதுபோல் 0.002 முதல் 0.004 அங்குலம் வரை, உள்ளே இறங்கினால்தான் கலவை பட்டடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இறுக்கமாகப் பிடிபடும். கால்கள் தரையைத் தொடாமல் நின்றுவிட்டால், சுடும் ஊசியின் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். முதல் அடியில் வெடிக்காத தோட்டா இரண்டாவது அடியில் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழி மட்டும் பிரைமரின்மேல் விழுகிறது.

அளவை நம்பும் முறையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கத் தரநிலையின்படி பெரிய ரைஃபிள் பிரைமருக்கான குழி 0.125 முதல் 0.132 அங்குலம் வரை ஆழம் கொண்டிருக்கலாம். பிரைமரோ உறையின் அடிப்பரப்புக்குச் சமமாகவோ, அதற்குக் கீழே 0.008 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும். எல்லா பிரைமர்களையும் 0.004 அங்குலம் கீழே நிறுத்தும்படி கருவியை அமைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஆழம் குறைந்த குழியில் பிரைமருக்குக் கிடைக்கும் இடம் 0.121 அங்குலம், ஆழம் மிகுந்த குழியில் 0.128 அங்குலம். இந்த வேறுபாடு, கலவைக்குத் தேவையான இறுக்கத்தைவிடவே பெரியது. போதாக்குறைக்கு, பெரும்பாலான கருவிகள் உறையை அதன் விளிம்பைப் பிடித்தே நிறுத்துவதால், விளிம்பின் தடிமனில் உள்ள ஏற்றத்தாழ்வும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சீராகத் தெரியும். உள்ளே ஒன்று நசுங்கியிருக்கும், இன்னொன்று அந்தரத்தில் நிற்கும்.

விரலை நம்பும் முறை குழியின் தரையையே அளவுகோலாகக் கொள்வதால், வெவ்வேறு தொகுதிகளிலிருந்து வந்த கலப்பு உறைகளுக்கு அதையே நான் தயக்கமின்றிச் சொல்வேன். கைக்கருவியின் பிடியை மெல்ல அழுத்தும்போது முதலில் சீரான உராய்வு தெரியும். பிறகு கால்கள் தரையைத் தொடும் இடத்தில் பிடி சட்டென்று கெட்டிப்படும். அதன்பின் ஒரு சிறு அழுத்தம் போதும். நீண்ட நெம்புகோல் உள்ள பிரஸ் என்னும் மேசைக் கருவியில் இந்த உணர்வு பாதிக்குமேல் மறைந்துவிடுகிறது. ஆனால் விரலும் ஏமாறும். ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பூட்டியிருக்கும் விளிம்பை முழுவதுமாக அகற்றாவிட்டால், அந்தத் தடையையே தரை என்று கை எடுத்துக்கொள்ளும்.

குழியை ஒரே ஆழத்துக்குச் செதுக்கும் வெட்டுக்கருவி இந்தப் போட்டியின் போக்கையே மாற்றுகிறது. அதைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் குழியைப் பாருங்கள்: கரி படிந்த தரையில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் பித்தளை பளிச்சிடும். தரை சாய்வாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிறை முழு வட்டமாகும் வரை செதுக்கிய உறைகளில், விளிம்பின் தடிமனும் ஒத்திருந்தால், தடை வைத்த கருவியின் அளவுக்கு உண்மையான பொருள் கிடைக்கிறது. நெடுந்தூரக் குறிக்காக ஒரே தொகுதி உறைகளை வைத்திருப்பவருக்கு அந்த உழைப்பு தகும். மற்றவர்களுக்குக் குழியைச் சுத்தம் செய்தாலே போதும். ஏற்கெனவே மிகை ஆழமாக உள்ள குழியை எந்த வெட்டுக்கருவியாலும் திருத்த முடியாது.

எந்த வழியில் போனாலும் ஒவ்வோர் உறையின் அடியிலும் விரல் நுனியை ஓட்டிப் பார்ப்பதை விடக்கூடாது. பிரைமர் மேடாகத் துருத்தியிருந்தால், சுடும் ஊசி தளர்வாக மிதக்கும் அரைத் தானியங்கி ரைஃபிளில், குழாயின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடும் வேகத்திலேயே, விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும். நிரப்பி முடித்த தோட்டாவில் அப்படி ஒரு பிரைமர் கண்ணில் பட்டால், அதை மறுபடி அழுத்தி இறக்க ஒருபோதும் முயலாதீர்கள்; குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிய பிறகே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அந்த உறையில் கைவையுங்கள்.