2020 மாடல் டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டெல்லி, ஃபரிதாபாத், நொய்டா, குர்கான் பக்கம் சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கும் நம்ம ஆட்கள் யாராவது செகண்ட் ஹேண்ட் டீசல் பிக்கப்புக்கு விலை பேசிக்கொண்டிருந்தால், இதைப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வயிறெரிந்து எழுதுகிறேன்.

எனக்குப் பாத்திர வாடகைத் தொழில். கல்யாணம், சீமந்தம், ஐயப்ப பூஜை என்றால் அண்டா, குண்டான், அடுப்பு, நாற்காலி எல்லாம் நம்மிடமிருந்துதான் போகும். வாடிக்கையாளர்கள் ஆர்.கே.புரம், முனிர்கா, மயூர் விஹார், கரோல் பாக். குடோன் மட்டும் ஃபரிதாபாத்தில், வாடகை கட்டுப்படியாவதற்காக. அதனால் வண்டி ஹரியானா பதிவு. இதுதான் விஷயத்தின் ஆணிவேர்.

பழைய பிக்கப்புக்குப் பத்து வயது முடிந்திருந்தது. 2025 ஜூலை 1 முதல் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு டெல்லி பெட்ரோல் பங்க்குகளில் எண்ணெய் கிடையாது, கேமரா வைத்துப் பிடிப்பார்கள் என்று அறிவிப்பு வந்ததும் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் அந்த உத்தரவைத் தள்ளி வைத்தார்கள், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் நடவடிக்கை வேண்டாம் என்றது. விற்றது விற்றதுதான். சில மாதம் வாடகை வண்டியில் ஓட்டினேன். நவம்பரில் மனைவியின் நகையை அடகு வைத்து, பாக்கிக்குக் கடன் வாங்கி, இனி எந்த உத்தரவு வந்தாலும் பயமில்லாமல் ஓட்ட வேண்டும் என்று பிஎஸ்-6 வண்டி தேடினேன். பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், வண்டி விடும் புகைக்கான அரசு தரம்; பிஎஸ்-4 பழையது, பிஎஸ்-6 புதியது. பிஎஸ்-6 தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டுத்தான் தேடினேன்.

ஆன்லைனில் விளம்பரம் போட்டு, பெரிய யார்டு வைத்து, ‘சான்றளிக்கப்பட்ட வண்டி’ என்று விற்கும் இடம் அது. விற்பனைப் பையன் நம்ம ஊர்ப் பக்கம். என் இந்தி உச்சரிப்பைக் கேட்டதும் “அண்ணே, தமிழா?” என்றான். டீ வரவழைத்தான். “அண்ணே, உங்களுக்கு வேற வண்டி காட்ட எனக்கு மனசு வரல. இதை எடுங்க, 2020 மாடல், பிஎஸ்-6” என்று கண்ணாடி ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினான். டீசலுக்கு ஆரஞ்சு, பிஎஸ்-6 என்றால் மேலே ஒரு பச்சைப் பட்டை. பட்டை இருந்தது. அவர்கள் அச்சடித்துக் கொடுத்த பரிசோதனை அறிக்கையிலும் பிஎஸ்-6. அரசு தளத்தில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அவன் போனிலேயே காட்டினான், அதிலும் பிஎஸ்-6. அசல் ஆர்.சி. எங்கே என்றதற்கு, ஃபைனான்ஸ் பெயரை நீக்க ஆர்.டி.ஓ.வில் கொடுத்திருக்கிறோம், பெயர் மாற்றியே கையில் தருகிறோம் என்றான். “அண்ணே, ஒரே ஊர்க்காரன் உங்களை ஏமாத்துவேனா?” இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் அந்த ஒரு வார்த்தைக்கு மனசு இளகத்தான் செய்யும். ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் கட்டினேன்.

டிசம்பரில் காற்று கெட்டு கிராப் நான்காம் கட்டம் வந்தது. காற்று மாசு ஏற ஏற டெல்லிப் பக்கம் கட்டம் கட்டமாகப் போடும் கட்டுப்பாடுதான் கிராப். 18-ம் தேதியிலிருந்து வெளி மாநிலப் பதிவு வண்டி பிஎஸ்-6 ஆக இல்லாவிட்டால் டெல்லிக்குள் விடமாட்டோம் என்றார்கள். நமக்கென்ன என்று ஆர்.கே.புரத்தில் ஒரு ஐயப்ப பூஜைக்குப் பாத்திரம் ஏற்றிப் போனேன். பதர்பூர் பார்டரில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது பிஎஸ்-4, திருப்பு என்றார். ஸ்டிக்கரைக் காட்டினேன். அவர் நகத்தால் அந்தப் பச்சைப் பட்டையின் ஓரத்தைக் கீறினார். உரிந்து வந்தது. ரேடியம் டேப்பை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! 20,000 ரூபாய் சலான். அன்னதானத்துக்கு அண்டா போய்ச் சேரவில்லை. குருசாமிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினேன். அட்டையை விரித்துப் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர், சைலன்சர் குழாயில் டிபிஎஃப் டப்பாவே இல்லை என்றார். டீசல் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் அது. பிஎஸ்-4 பிக்கப்பில் அதை எங்கே தேடுவது? என் போனில் பரிவாஹன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தைத் திறந்து பார்த்தேன். தயாரிப்பு ஜனவரி 2020, பாரத் ஸ்டேஜ் 4. பிஎஸ்-6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1-ல். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வந்த வண்டியும் ‘2020 மாடல்’தான். அந்த இடுக்கில்தான் இவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஊர்க்காரத் தம்பி, “அண்ணே, பில்லுல 2020 மாடல்னு தானே போட்டிருக்கோம், அது சரிதானே?” என்றான். அடுத்த நாளிலிருந்து போன் எடுக்கவில்லை. நீல டிக் விழும், பதில் வராது. கஸ்டமர் கேரில் வேறு வேறு குரல்கள், ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ். என்ன தீர்த்தார்கள்? நேரில் போனால் மேனேஜர் மீட்டிங்கில். காத்திருந்து பிடித்தால், அறிக்கையின் அடியில் எறும்பு எழுத்தில் ‘தகவலுக்கு மட்டும்’ என்று இருப்பதைக் காட்டுகிறார். பதினைந்தாயிரம் கொடுங்கள், பதிவிலேயே பிஎஸ்-6 என்று மாற்றிவிடலாம் என்று ஒரு புரோக்கர் காதைக் கடிக்கிறார். அது போலி ஆவணம், மாட்டினால் உள்ளே போவது நான்.

எல்லாவற்றையும் விட எரிச்சல், மேனேஜர் சொன்ன ‘தீர்வு’. வண்டியை அவர்களே திருப்பி எடுத்துக்கொள்வார்களாம், மூன்று லட்சத்துக்கு. ஏன் மூன்று லட்சம் என்றால், “பிஎஸ்-4 ரேட் அதுதான் சார்.” ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்கும்போது அந்த ரேட் தெரியவில்லையா?

விதி மேல் எனக்குக் கோபமில்லை. இந்த டிசம்பர் காற்றில் என் அம்மா இரவெல்லாம் இருமுவதைக் கேட்பவன் நான். ஆனால் வெளி மாநிலப் பதிவு பிஎஸ்-4 சரக்கு வண்டிக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் டெல்லிக்குள் அனுமதி, அதுவும் கிராப் கெடுபிடி இல்லாத நாட்களில். அது தெரிந்துதான் இந்த வண்டிகளை நம் தலையில் கட்டுகிறார்கள்.

அவசரமாகச் சிலது: வண்டி எண்ணை உங்கள் போனில், நீங்களே தட்டிப் பாருங்கள். அடுத்தவன் திரையை நம்ப வேண்டாம். ‘2020 மாடல்’ என்றால் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். ஸ்டிக்கரைக் கீறிப் பாருங்கள். அசல் ஆர்.சி. கண்ணில் படாமல் காசு தராதீர்கள். பில்லில் பிஎஸ்-6 என்று எழுதி வாங்குங்கள். உங்கள் மெக்கானிக்கை அடியில் படுக்க வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன், அறிக்கையும் உரிந்த டேப்பும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். டெல்லியில் இந்த மாதிரி வழக்கு நடத்தும் தமிழ் வக்கீல் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். இதே மாதிரி 2020 வண்டி வாங்கி மாட்டியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.