ஏழாம் மாதத்தில் சென்னைக்குப் பறப்பவருக்கு எந்தக் காப்பீடு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்கிலிருந்தும் தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் கர்ப்பிணிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். தங்கையின் திருமணம், தாத்தாவின் சதாபிஷேகம் என்று போய் இரண்டு மூன்று வாரங்களில் திரும்புகிறவர்கள் ஒரு வகை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று போகிறவர்கள் இன்னொரு வகை. வேலை விசாவில் இங்கே வந்திருக்கும் இளம் தம்பதியர் பலர் இதில் அடக்கம். காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் இந்த இரண்டு பயணங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போய்த் திரும்புகிறவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் கையில் இருக்கும் வழிகள் மூன்று. கடன் அட்டையில் டிக்கெட் வாங்கினால் வங்கி இலவசமாகத் தரும் காப்பீடு. மெடிக்கல் எய்டில், அதாவது மாதச் சந்தா கட்டிச் சேரும் தென்னாப்பிரிக்க மருத்துவத் திட்டத்தில், வரும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைப் பலன். காசு கொடுத்துத் தனியாக வாங்கும் பயணக் காப்பீடு. எத்தனை லட்சம் ராண்ட் வரை கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கர்ப்பிணி அதைக் கடைசியில் கேட்டால் போதும். எத்தனையாவது வாரம் வரை கர்ப்பச் சிக்கலுக்குப் பணம் தருவார்கள் என்பது முதல் கேள்வி. குழந்தை அங்கேயே பிறந்துவிட்டால் அந்தக் குழந்தையின் செலவு யாருடையது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத பாலிசியில் கோடி ராண்ட் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை.

வாரக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விமான நிறுவனத்தின் வாரம் வேறு, காப்பீட்டின் வாரம் வேறு. டர்பனிலிருந்து துபாய் வழியாகச் செல்லும் எமிரேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 29-ஆம் வாரத்திலிருந்து மருத்துவர் சான்றிதழ் கேட்கிறது. ஒற்றைக் குழந்தை என்றால் 36-ஆம் வாரத்துக்குப் பிறகும், இரட்டை என்றால் 32-ஆம் வாரத்துக்குப் பிறகும் ஏற்றுவதில்லை. ஆகவே ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும் 33 வாரக் கர்ப்பிணி சான்றிதழோடு வந்தால் தாராளமாக ஏறலாம். ஆனால் அவருடைய காப்பீடு அதற்கு வெகு முன்பே முடிந்திருக்கக்கூடும். பயணக் காப்பீடுகளில் 24 வாரத்தோடு நிறுத்துபவை உண்டு, 26 வாரம் வரை தருபவை உண்டு, 31 அல்லது 32 வரை நீட்டுபவையும் உண்டு. விமானத்தில் ஏற்றினார்கள் என்பதாலேயே காப்பீடு கூட வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

அந்த வாரத்தை எந்த நாளில் எண்ணுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புறப்படும் நாளில் 26 வாரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்று எழுதிய பாலிசி ஒன்று. 26 வாரத்துக்குப் பிறகு ஏற்படும் எந்தச் சிக்கலுக்கும் பொறுப்பில்லை என்று எழுதிய பாலிசி இன்னொன்று. மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். 25-ஆம் வாரத்தில் கிளம்பி 28-ஆம் வாரத்தில் திரும்பும் பெண்ணுக்கு முதல் பாலிசி கடைசி நாள் வரை துணை நிற்கும். இரண்டாவது பாலிசியோ பயணத்தின் நடுவிலேயே கையை விரித்துவிடும். காலண்டரை எடுத்து, திரும்பி வரும் விமானத்தின் தேதியில் எத்தனை வாரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாலிசிகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். விமானம் ரத்தானால் தங்க நேரும் சில நாட்களையும் அதோடு கூட்டிக்கொள்வது நல்லது.

இனி மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வங்கி அட்டைக் காப்பீட்டை ஆறாம் மாதத்துக்குப் பிறகு பயணம் செய்யும் எந்தப் பெண்ணுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டிக்கெட் முழுவதையும் அந்த அட்டையில்தான் வாங்கியிருக்க வேண்டும், சில வங்கிகளில் பயணத்துக்கு முன்பே பதிவு செய்து சான்றிதழ் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளெல்லாம் சமாளிக்கக்கூடியவை. இலவசக் காப்பீடு அடிப்படைக் காப்பீடு என்பதுதான் சிக்கல். கர்ப்பம் பற்றிய பகுதி அதில் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். கூடுதல் பணம் கட்டி அதை உயர்த்திக்கொள்ள முடியும். உயர்த்திய பிறகு மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டும், ஏனெனில் தொகை மட்டும் உயர்ந்து வார வரம்பு அப்படியே நிற்பதுண்டு.

மெடிக்கல் எய்ட் விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான தைரியம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டப்படி பிரசவம் குறைந்தபட்சக் கட்டாயப் பலன்களில் ஒன்று. காத்திருப்புக் காலம் முடிந்த உறுப்பினருக்கு எந்தத் திட்டமும் அதை மறுக்க முடியாது. அது தென்னாப்பிரிக்காவுக்குள் மட்டும். சென்னை மருத்துவமனையில் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. வெளிநாட்டுப் பலன் என்பது தனி ஏற்பாடு. உயர் திட்டங்களில் இருக்கும், மலிவான திட்டங்களில் பெரும்பாலும் இருக்காது. கிளம்பிய நாளிலிருந்து 90 நாள் என்பது போன்ற வரம்பும் உண்டு. இருந்தாலும் இதை நான் அட்டைக் காப்பீட்டுக்கு மேலேயே வைக்கிறேன். உங்கள் கர்ப்பம் பற்றிய விவரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிற்பாடு மறைத்துவிட்டீர்கள் என்று சொல்வது கடினம். திட்டத்துக்கு எழுதி, எத்தனை வாரம் வரை என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தனியாக வாங்கும் பாலிசிதான் 28 வாரத்தைத் தொடுகிறவர்களுக்கு என் தேர்வு. காரணம், அங்கேதான் பேரம் பேசவும் தேர்ந்தெடுக்கவும் இடம் இருக்கிறது. 31 அல்லது 32 வாரம் வரை தருகிற நிறுவனத்தைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் எதையும் மறைக்கக் கூடாது. கர்ப்பகால நீரிழிவு நம் குடும்பங்களில் அடிக்கடி வருவது. ரத்த அழுத்தம், முன்பு நேர்ந்த குறைமாதப் பிரசவம், இரட்டைக் குழந்தை, ஐ.வி.எஃப். என்னும் செயற்கைக் கருத்தரிப்பு மூலம் தரித்த கர்ப்பம் ஆகிய அனைத்தையும் சொல்லியே ஆக வேண்டும். இரட்டைக் குழந்தைக்கும் ஐ.வி.எஃப்.-க்கும் வரம்பைக் குறைக்கும் பாலிசிகள் உண்டு. சொன்னால் பிரீமியம் கூடுமே என்று தயங்குகிறவர்கள் கிளெய்ம் நேரத்தில் மொத்தத்தையும் இழக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். 30-ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்து குழந்தை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் மூன்று நான்கு நாளில் எழுந்து நடப்பார். குழந்தையோ பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வாரங்கள் இருக்க வேண்டிவரும். பெரிய பில் குழந்தையுடையது. ஆனால் பாலிசியில் இருப்பது தாயின் பெயர் மட்டும். பிறந்த நொடியில் குழந்தை தனி ஆள். பல பாலிசிகள் அதற்கு ஒரு ராண்டும் தராது. ஆகவே நிறுவனத்துக்கு இப்படிக் கேட்டு எழுதுங்கள்: “நான் இந்தப் பயணத்தில் 30-ஆம் வாரத்தில் பிரசவித்தால், குழந்தையின் தீவிர சிகிச்சைச் செலவை இந்தப் பாலிசி ஏற்குமா? ஏற்குமென்றால் எவ்வளவு தொகை, எத்தனை நாள்?” தொலைபேசியில் “கவலைப்படாதீர்கள் அம்மா, எல்லாம் கவர் ஆகும்” என்று இனிமையாகச் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை மின்னஞ்சலில் கேட்டால் குரல் மாறும். எழுத்தில் ஆம் என்று தரும் பாலிசி பிரீமியத்தில் இரண்டு மடங்கானாலும் அதையே வாங்குங்கள்.

குழந்தை அங்கே பிறந்தால் பணத்தோடு காகிதமும் சேர்ந்துகொள்ளும். தென்னாப்பிரிக்கப் பெற்றோரின் குழந்தை இந்தியாவில் பிறந்ததாலேயே இந்தியக் குடியுரிமை பெறுவதில்லை. டெல்லியிலுள்ள தூதரகம் அல்லது மும்பையிலுள்ள துணைத் தூதரகம் வழியாகப் பிறப்பைப் பதிந்து பயண ஆவணம் வாங்க வேண்டும். அதுவரை தங்கும் செலவையும் மாற்று டிக்கெட்டையும் தரும் பாலிசி சிறந்தது. இங்குள்ள மெடிக்கல் எய்டில் குழந்தையைச் சேர்க்கும் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் 30 நாள். சென்னையிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பரிசோதனைக் குறிப்பேடு, ஸ்கேன் அறிக்கைகள், மருத்துவர் கடிதம், காப்பீட்டின் 24 மணி நேர உதவி எண். கடிதத்தில் எத்தனை வாரம், ஒற்றையா இரட்டையா, பிரசவத் தேதி எது, பறக்கத் தகுதி உண்டா என்ற நான்கும் இருக்க வேண்டும். அண்மைத் தேதியிட்ட கடிதத்தையே கவுன்ட்டரில் கேட்பார்கள் என்பதால், திரும்பும் பயணத்துக்குச் சென்னை மருத்துவரிடம் புதிதாக ஒன்று வாங்க நேரலாம். மருத்துவமனையில் சேர நேர்ந்தால், முடிந்தவரை சேர்வதற்கு முன்பே உதவி எண்ணை அழையுங்கள். தனியார் மருத்துவமனைகள் முன்பணம் கேட்கும்; கட்டண உறுதியை நேராக அனுப்ப வேண்டியது காப்பீட்டு நிறுவனம்தான்.

பிரசவத்துக்காகவே தாய்வீடு போகிறவர்களுக்கு மேலே சொன்ன மூன்றில் எதுவும் பிரசவச் செலவுக்கு உதவாது. பயணக் காப்பீடு எதிர்பாராததற்கானது; பிரசவத்துக்கென்றே போகும் பயணம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பல மாதத் தங்கலும் நாள் வரம்பைத் தாண்டிவிடும். இந்தியாவில் போய் மருத்துவக் காப்பீடு எடுக்கலாமே என்று அம்மா அப்பா சொல்வார்கள். மகப்பேறுக்கு அங்கே காத்திருப்புக் காலம் உண்டு, பல பாலிசிகளில் ஆண்டுக் கணக்கில். வயிற்றில் குழந்தையோடு போய் எடுத்தால் இந்தப் பிரசவத்துக்கு உதவாது. இவர்களுக்கு ஒரே வழி பணம்: மருத்துவமனையிடம் சுகப்பிரசவத்துக்கும் அறுவைக்கும் தனித்தனியாகக் கட்டணத்தை எழுதி வாங்கி, குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் கட்டணத்தையும் கேட்டு, அதில் சில வாரங்களுக்கானதைத் தனியே ஒதுக்கி வைப்பது. அந்தத் தொகையைப் புரட்ட முடியாதவர்கள் இங்கேயே பிரசவம் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து வரவழைப்பதே நல்லது என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் 1994 முதல், மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சை இலவசம். மெடிக்கல் எய்ட் உள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவமனையும் இருக்கிறது. வரும் அம்மாவுக்கு இந்தியாவிலிருந்து ஒரு சாதாரணப் பயணக் காப்பீடு எடுத்தால் போதும். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் அந்தப் படிவத்தில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.